தேய்ந்த பழங்காசு அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்திலும் இலங்கையிலும் சேகரிப்பாளர்களின் கைக்கு வரும் பழங்காசுகளில் பெரும்பாலானவை தேய்ந்தவை. முத்திரை குத்திய வெள்ளிக்காசு, சேர சோழ பாண்டியரின் சங்ககாலச் செப்புக்காசு, கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசு, இராசராச சோழனின் செப்புக்காசு ஆகிய நான்கு வகைகளை முதன்மையாக மனத்தில் கொண்டு இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வீட்டில் இருக்கக்கூடிய ஒரு லென்ஸ், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, பொறுமை ஆகியவற்றைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்ல முடியும், எந்த இடத்தில் ஆய்வகத்தையோ அறிஞரையோ நாட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துவதே நோக்கம்.

காசு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அதுவே பழமைக்குப் போதிய சான்று இல்லையா?

இல்லை. பல கைகள் மாறியதாலும் காசு தேயும். விற்பதற்காக வேண்டுமென்றே தேய்க்கவும் முடியும். 1772 முதல் 1830 வரை வாழ்ந்த ஜெர்மானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், கிரேக்க, ரோமக் காசுகளுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டி, தேர்ந்த சேகரிப்பாளர்களையும் ஏமாற்றியவர். புதிதாக அடித்த காசின் பளபளப்பையும் கூர்மையையும் போக்குவதற்காக, எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் காசுகளைப் போட்டு, அதைத் தம் குதிரை வண்டியில் பொருத்திச் சாலைகளில் ஓட்டிச் சென்றார் என்பது நாணயவியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. இன்று அதே வேலையைச் சுழலும் உருளை இயந்திரம் சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது.

தேய்மானம் போலி செய்பவருக்கு வேறொரு வகையிலும் உதவுகிறது. எழுத்து சரியாக விழவில்லையென்றாலும், முகத்தின் மூக்கும் கண்ணும் குழம்பியிருந்தாலும், 'பழசு, அதனால் மங்கிவிட்டது' என்று வாங்குபவர் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ஆகவே காசு தேய்ந்திருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எப்படித் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எப்போது தேய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காசின் உலோகமே விடை வைத்திருக்கும்.

உண்மையான தேய்மானத்தையும் வார்ப்பில் வரும் மங்கலையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். மற்றச் சோதனைகள் எல்லாம் இதற்குத் துணையாக வருபவையே.

அடித்துச் செய்த காசில், சம்மட்டி அடியின் விசையால் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து ஏறுகிறது. அதனால் எழுத்தோ உருவமோ மேலெழும் இடத்தில், அதன் சுவருக்கும் கீழே உள்ள வெறுந்தளத்துக்கும் இடையில் ஒரு கூரிய மடிப்பு உண்டாகிறது. கைகளில் புழங்கும்போது தேய்வது மேடுகள்தான்: மன்னனின் கன்னம், நெற்றிக்கு மேலுள்ள முடி, யானையின் வயிறு, எழுத்துகளின் மேல்முகம். பள்ளத்தில் ஒதுங்கியுள்ள மடிப்பை விரலோ துணிப்பையோ எளிதில் தொடுவதில்லை. ஆகவே நேர்மையாகத் தேய்ந்த காசில் மேடுகள் தட்டையாகிப் போயிருந்தாலும், எஞ்சிய எழுத்தின் அடிக்கோடு கூர்மையாகவே நிற்கும். மேலே தட்டை, அடியில் கூர்மை என்பதே அதன் இலக்கணம்.

வார்ப்பில் இது தலைகீழாகும். ஓர் அசல் காசின் மீது அச்சுமண்ணையோ ரப்பரையோ அழுத்திப் படி எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றும்போது, அந்தக் கூரிய மடிப்பு முழுமையாகப் படிவதில்லை. உருவம் தளத்திலிருந்து எழும் இடம், பாதி கரைந்த சோப்புக்கட்டியில் எழுத்து நிற்பதுபோல, வழவழப்பாக வளைந்து கலந்துவிடும். மேடுகளில் மட்டுமன்றிப் பள்ளங்களிலும் ஒரே அளவான மங்கல் இருந்தால், தேய்க்க எதுவும் போய்ச் சேர முடியாத இடம் எப்படி மங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு விடை வார்ப்பு என்பதுதான். உப்பும் அமிலமும் அரித்தும் பள்ளங்கள் மங்கலாம். ஆனால் அரிப்பு இடத்துக்கு இடம் மாறும், சொரசொரப்பை விட்டுச் செல்லும்.

லென்ஸின் கீழ் குழிகளையும் பாருங்கள். மண்ணில் அரிக்கப்பட்ட குழி ஒழுங்கற்றது, விளிம்பு சிதைந்தது, அடியில் களிம்போ மண்ணோ ஒட்டியது. வார்ப்பில் சிக்கிய காற்றுக்குமிழி உருண்டையானது, உட்சுவர் வழுவழுப்பானது. குழியைவிட உறுதியான சான்று, எழுத்துகளின் மூலைகளில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உலோக மணிகள். அச்சுக்குழைவில் காற்று நின்ற இடத்தில் உலோகம் புகுந்தால் மட்டுமே அத்தகைய புடைத்த மணி உண்டாகும். தேய்மானம் உலோகத்தை எடுக்குமேயன்றிச் சேர்க்காது, அரிப்பும் அப்படியே.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அடி சரியாக விழாமல் காசின் ஒரு பகுதி தொடக்கத்திலேயே பதியாமல் போயிருக்கலாம். அந்த இடத்தில் அடிப்பதற்கு முன்பிருந்த தகட்டின் முரட்டுத்தன்மை அப்படியே இருக்கும். பக்கத்திலேயே கூர்மையான பதிவும் இருக்கும். இதைத் தேய்மானம் என்றும் போலி என்றும் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். கையால் அடித்த காசில் இது மிக இயல்பானது.

விளிம்பில் என்ன பார்க்க வேண்டும்?

விளிம்பைப் பார்க்காமல் எந்தக் காசையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு பாதிகளாக அமைந்த வார்ப்பச்சில் ஊற்றினால் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு விழும். அதை மறைக்க அரத்தால் ராவுவார்கள். அப்போது ஒரே திசையில் ஓடும் இணையான கீறல்கள் தெரியும். உலோகம் ஊற்றிய வாய் இருந்த இடம் சற்றே தட்டையாகவோ, நிறம் மாறியோ இருக்கும்.

முத்திரை குத்திய வெள்ளிக்காசின் விளிம்பு தனிவகையானது. தகட்டை உளியால் வெட்டித் துண்டுகளாக்கி, எடை மிகுந்தால் மூலையை நறுக்கிச் சரிசெய்தார்கள். ஆகவே வெட்டிய தடமும் ஒடிந்த தடமும் விளிம்பில் இருக்க வேண்டும். வட்டமாக உருண்டு, நான்கு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும் முத்திரைக்காசு ஐயத்துக்குரியது.

அப்படியானால் வார்த்த காசு எல்லாமே போலியா?

அல்ல. வட இந்தியாவில் எழுத்தில்லாத பழைய செப்புக்காசுகளில் ஒரு வகை வார்த்துச் செய்யப்பட்டதே. சீனாவின் சதுரத்துளைக் காசுகளும் கிட்டத்தட்ட எல்லாமே வார்ப்புதான். தஞ்சை வட்டாரத்தில் தாலிக்கோட்டை, ஒலயக்குன்னம் போன்ற இடங்களில் சீனக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. குறிப்பிட்ட வகைக் காசை அதன் காலத்தில் எந்த முறையில் செய்தார்கள் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் வார்ப்புத் தடத்தைக் குற்றமாகக் கொள்ள வேண்டும்.

எடையை வைத்து எவ்வளவு தூரம் முடிவு செய்யலாம்?

வெள்ளியிலும் பொன்னிலும் எடை வலுவான சான்று, செம்பில் வலுக்குறைந்தது. வெள்ளிக்காசின் மதிப்பு அதன் உலோகத்தில் இருந்ததால் அடித்தவர்கள் நிறையைக் கண்டிப்பாகக் காத்தார்கள். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோம வெள்ளிக்காசு ஒரு ரோமப் பவுண்டுக்கு 84 என்ற கணக்கில் வெட்டப்பட்டது, அதாவது 3.9 கிராமை ஒட்டிய எடை. கி.பி. 64-இல் நீரோ அதை 96 ஆக்கியதும் எடை ஏறத்தாழ 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தமிழகத்துப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுந்திருப்பதற்கு, வணிகர்கள் இந்தப் பழைய நல்ல வெள்ளியை விரும்பியதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மௌரியர் கால முத்திரை வெள்ளிக்காசு 3.3, 3.4 கிராம் அளவில் நிற்கும்.

இனி, தேய்ந்த காசுக்கு உரிய ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தேய்ந்தது என்றால் உலோகம் போயிருக்க வேண்டும். உலோகம் போனால் எடை குறைந்திருக்க வேண்டும். டைபீரியஸின் முகம் பாதிக்கு மேல் அழிந்து, பின்புறத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவம் வெறும் நிழலாகிவிட்ட ஒரு காசு 3.9 கிராம் முழுமையாக நின்றால், தேய்ந்த உலோகம் எங்கே போயிற்று? அத்தகைய காசை வாங்குவதற்கு முன் மிகவும் தயங்க வேண்டும். இதற்கு மாறாகச் சற்றுத் தேய்ந்த காசு 3.0 கிராமுக்கும் கீழே இருந்தால், செம்புக்கு மேல் வெள்ளி போர்த்தியதாகவோ, வார்ப்பாகவோ, மண்ணுக்குள் உப்பால் அரிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். மூன்றையும் மேற்பரப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

செப்புக்காசில் இந்தக் கண்டிப்பு இல்லை. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகள் ஒரே வகையிலேயே எடையில் வெகுவாக வேறுபடுகின்றன. இராசராசன் காசு பெரும்பாலும் 3 கிராமுக்கு மேல் 4 கிராமைச் சற்றுத் தாண்டும் வரை பரவியிருக்கும். இங்கே எடை முரண்பாடு எச்சரிக்கை தரலாம், தீர்ப்புத் தராது.

வீட்டில் அடர்த்தியை அளந்து பார்க்க முடியுமா?

முடியும். தராசின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் நீர் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 3.72 கிராம் காசுக்குத் தராசு 0.36 காட்டினால் அடர்த்தி 10.3, தூய வெள்ளியின் அடர்த்தி 10.5 என்பதால் இது நல்ல வெள்ளிக்குப் பொருந்துகிறது. அதே எடையில் ஜெர்மன் வெள்ளி எனப்படும் கலப்பு உலோகமாக இருந்தால் தராசு 0.43 அளவில் காட்டும்.

ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய காசில் தராசின் 0.01 கிராம் பிழையே விடையை 10.0 முதல் 10.6 வரை அசைத்துவிடும். ஆகவே சோதனையைப் பலமுறை செய்து சராசரி காண வேண்டும். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டாதிருக்க நீரில் ஒரு துளி சோப்பு கலப்பது உதவும். அரித்து உள்ளே துளைபட்ட அசல் காசும் குறைந்த அடர்த்தி காட்டும். நல்ல வெள்ளியில் செய்த நவீனப் போலியோ இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். தேறாத காசை ஐயுறலாம். தேறியதை அதனால் மட்டும் நம்பிவிட முடியாது.

களிம்பு எதைச் சொல்கிறது?

செப்புக்காசில் அடுத்த பெரிய சாட்சி களிம்புதான். மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்த செம்பின் மேல், உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான ஆக்சைடு படலமும், அதற்கு மேல் பச்சையான கார்பனேட் படலமும் அடுக்கடுக்காக வளர்கின்றன. இது உலோகத்திலிருந்தே வளர்ந்தது. ஊசி முனையால் சுரண்டினால் எளிதில் வராது, வரும் இடத்தில் செந்நிற அடுக்குத் தெரியும். அமிலமும் உப்பும் தடவி ஒரு வாரத்தில் வரவழைத்த பச்சை, பளிச்சென்ற உலோகத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும், தூளாக உதிரும். வண்ணமும் பசையும் கலந்து பூசியதாக இருந்தால், நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோனில் நனைத்த பஞ்சு நிறம் மாறும்.

ஒரு விலக்கு உண்டு. குளோரைடு பாதித்த அசல் காசிலும் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். ஈரக்காற்றில் துடைக்கத் துடைக்க மீண்டும் வரும். இது செம்பைத் தின்னும் நோய். உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

களிம்பும் தேய்மானமும் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பதே இதில் முதன்மையானது. காசு முதலில் கைகளில் தேய்ந்தது. பிறகு தொலைந்தது அல்லது புதைந்தது. அதன் பிறகுதான் களிம்பு ஏறியது. எனவே தேய்ந்து தட்டையான மேட்டின் மீதும் களிம்பு படர்ந்திருக்க வேண்டும். பள்ளங்கள் கறுத்துப் பச்சையாகவும், மேடுகள் எல்லாம் பளிச்சென்ற உலோகமாகவும் இருந்தால், களிம்பு ஏறிய பிறகு யாரோ தேய்த்திருக்கிறார்கள். சாயம் பூசி மேலே மட்டும் துடைத்தெடுக்கும் போலிக்காரரின் வேலை இதே தோற்றத்தைத்தான் தரும். ஆனாலும் இதைக் கொண்டு மட்டும் காசைத் தள்ளிவிடாதீர்கள். நம் வீடுகளில் கண்டெடுத்த காசைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிப் பூசை அறையில் வைக்கும் வழக்கம் உண்டு. அப்படி விளக்கப்பட்ட அசல் காசும் இப்படியே தோன்றும். அங்கே மீண்டும் எழுத்தின் அடிமடிப்பைத்தான் நம்ப வேண்டும்.

ஆற்றில் கிடைத்த காசில் களிம்பே இல்லை. அது போலியா?

அவ்வாறு சொல்ல முடியாது. கரூரில் அமராவதி, மதுரையில் வைகை, திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆகிய ஆற்றுப்படுகைகள் தமிழகத்தின் பழங்காசுகளுக்குப் பெயர்பெற்றவை. ஆற்று மணலைச் சலிப்பவர்கள் எடுத்த காசுகளிலிருந்துதான் சங்ககால நாணயவியலின் பெரும்பகுதி உருவாகியது. ஓடும் நீரும் மணலும் உராய்ந்த காசில் தடித்த பச்சை இருப்பதில்லை. பழுப்போ கறுப்போ ஆன மெல்லிய படலமும், காசு முழுவதும் ஒரே சீரான மென்மையும் இருக்கும். இங்கே நான் மேலே சொன்ன அடிமடிப்புச் சோதனையும் சற்றுத் தளர்கிறது. மணல் பள்ளங்களுக்குள்ளும் போகும் அல்லவா! ஆகவே ஆற்றுக்காசில் விளிம்பு, குமிழி, உலோக மணி, அடுத்த பதிலில் விளக்கும் இரட்டைக்காசுச் சோதனை ஆகியவற்றையே கூடுதலாக நம்ப வேண்டும்.

'அமராவதி ஆற்றில் கிடைத்தது' என்ற சொல் இதனால் விற்பனைச் சொல்லாகவும் ஆகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். கதை எவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டாலும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காசைக் கதையால் அன்றி உலோகத்தால் தீர்மானியுங்கள்.

இரட்டைக்காசுச் சோதனை என்பது என்ன?

கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருக்கலாம். ஆனால் தகட்டின் வடிவம், அச்சு விழுந்த இடம், விளிம்பின் வெடிப்பு, புழக்கத்தில் பட்ட வெட்டு ஆகியவை ஒருபோதும் ஒன்றாக இரா. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறலும், ஒரே மூலையில் ஒரே தேய்மானமும் இருந்தால், குறைந்தது ஒன்றேனும் மற்றதன் படி, அல்லது இரண்டுமே மூன்றாவது ஒன்றின் படி. தேய்ந்த காசுக்கு இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது, ஏனெனில் தேய்மானம் என்பது ஒரு காசின் தனி வாழ்க்கை. அதை இரண்டு காசுகள் பகிர்ந்துகொள்ள வழியில்லை.

முத்திரைக்காசுக்கு இது இன்னும் எளிது. அதன் ஐந்து முத்திரைகளும் தனித்தனியாகக் குத்தப்பட்டவை. ஒன்றன் மேல் ஒன்று ஏறியும், விளிம்புக்கு வெளியே வழுவியும் நிற்கும். ஐந்தும் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் அமைந்த காசுகள் ஒன்றுக்கு மேல் கண்ணில் பட்டால், அவை ஐந்து முத்திரைகளையும் சேர்த்து வெட்டிய ஒரே அச்சின் நவீன வெளியீடுகள். ஆகவே வாங்குவதற்கு முன் விற்பவரின் மற்றக் காசுகளையும், ஏல விற்பனைப் படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்துப் பொறித்த சங்ககாலக் காசு ஒன்று விலைக்கு வருகிறது. எதில் கவனம் வேண்டும்?

மிகுந்த கவனம் வேண்டும். பெருவழுதி, மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை போன்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ள காசுகள் மிகச் சிலவே. அவற்றை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டது சங்க இலக்கியத்தின் மன்னர்களுக்கு உலோகச் சான்று தந்தது. அதே காரணத்தால் அவற்றின் விலையும் உயர்ந்தது. போலிகளுக்கான ஆசையும் வளர்ந்தது.

இங்கு ஆபத்து முழுப்போலியைவிட அரைப்போலியில் இருக்கிறது. எழுத்தில்லாத, தேய்ந்த, ஆனால் அசலான செப்புக்காசை எடுத்து, அதன் வெறுந்தளத்தில் எழுத்தைச் செதுக்கிவிடுகிறார்கள். எடை சரியாக இருக்கும். உலோகம் சரியாக இருக்கும். பின்புற மீன் சின்னமும் சரியாக இருக்கும். அடித்த காசில் எழுத்துத் தளத்துக்கு மேலே புடைத்து நிற்க வேண்டும். செதுக்குபவரால் உலோகத்தைச் சேர்க்க முடியாது. எனவே எழுத்தைச் சுற்றியுள்ள தளத்தைத்தான் தோண்டுவார். அதனால் எழுத்துக்கு அருகில் மட்டும் தளம் தாழ்ந்திருக்கும், களிம்பு அறுபட்டிருக்கும், உளி ஓடிய கீறல் தெரியும். மேலும், யானையின் முதுகு முற்றிலும் தேய்ந்துபோன காசில், அதே உயரத்தில் நிற்கும் எழுத்து மட்டும் கூர்மையாகப் பிழைத்திருப்பது எப்படி என்று கேளுங்கள். ஒரே பக்கத்தில் ஒரே உயரத்தில் உள்ளவை ஒன்றாகத்தான் தேய்ந்திருக்க வேண்டும்.

இதில் ஏமாறுவது ஒருவரின் பணம் மட்டும் அல்ல. ஒரு பொய்யெழுத்து நூலேறிவிட்டால் இல்லாத மன்னன் ஒருவன் வரலாற்றில் குடியேறிவிடுவான். அவனை வெளியேற்றுவது மிகக் கடினம். இதனால்தான் எழுத்துள்ள காசைக் கையில் பெற்றவர்கள் அறிவிக்க அவசரப்படாமல் முதலில் கல்வெட்டியலாளரிடமும் நாணயவியலாளரிடமும் நேரில் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ரோமக் காசில் எழுத்துகள் பிழையாக உள்ளன. போலி என்று தள்ளிவிடலாமா?

தள்ளிவிடாதீர்கள். ரோமக் காசுகளைப் பார்த்து அக்காலத்திலேயே இந்தியாவில் செய்த படிகள் உண்டு. இலத்தீன் அறியாதவர் எழுத்துகளை வெறும் கோடுகளாகப் பொறித்தார். கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகளின் படிகள் இலங்கையில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இவை ரோமில் பிறந்தவை அல்ல என்றாலும் பழமையானவை, வரலாற்று மதிப்புடையவை. செம்பின் மேல் வெள்ளி போர்த்திய காசுகளும் ரோமர் காலத்திலேயே புழங்கின. வெள்ளித்தோல் கிழிந்த இடத்தில் பச்சை கசிவதைக் கொண்டு அவற்றை அறியலாம். அசல், போலி என்ற இரண்டு பெட்டிகள் போதமாட்டா. பழங்காலப் படி என்ற மூன்றாவது பெட்டியும் வேண்டும்.

வெட்டு விழுந்த காசையும் கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மன்னர் முகத்தில் வேண்டுமென்றே வெட்டிய வடு இருந்தது. மீண்டும் நாணயமாகப் புழங்காதபடி செய்த குறி என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த வெட்டுக்குள்ளும் பழைய அழுக்கும் தேய்வும் இருக்கிறதா, அல்லது புதிதாகப் பளிச்சிடுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இராசராசன் காசு மலிவானதுதானே, அதையும் போலி செய்வார்களா?

சாதாரணச் செப்புக்காசு இன்னமும் ஏராளமாகக் கிடைப்பதால் அதில் போலிக்கு இலாபம் குறைவு. சுற்றுலா இடங்களில் விற்கும் நினைவுப்படிகளே அதிகம். ஆனால் அதே வகை பொன்னிலோ வெள்ளியிலோ வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒருபுறம் நிற்கும் மன்னன், மறுபுறம் அமர்ந்த உருவமும் அதன் கையடியில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயரும் கொண்ட இவ்வடிவத்தை, பிற்காலத்தில் பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்களும் பின்பற்றினார்கள். எழுத்துத் தேய்ந்த காசை இராசராசன் காசு என்று விற்பது போலி அல்ல; ஆனால் உறுதியான அடையாளமும் அல்ல.

காந்தம், ஒலிச் சோதனை ஆகியவை உதவுமா?

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது. தட்டி ஒலி கேட்பது பழைய வெள்ளிக்கு ஏற்றதல்ல. நூற்றாண்டுகளில் உட்படிகமாகி நொறுங்கும் தன்மையடைந்த அசல் வெள்ளி மந்தமாகவே ஒலிக்கும், தட்டினால் உடையவும் கூடும்.

நகைக்கடையில் உலோகச் சோதனை செய்து வாங்கிய சீட்டு போதுமா?

போதாது. எக்ஸ்-கதிர்க் கருவி பெரும்பாலும் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. மண்ணில் கிடந்த வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து போவதால் உண்மையைவிட உயர்ந்த தூய்மை காட்டும். வெள்ளி போர்த்திய செம்பையும் வெள்ளி என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் அதே அளவீட்டை அறிந்தவர் படித்தால் பயனுண்டு. பழைய முறையில் பிரித்தெடுத்த வெள்ளியில் சிறிதளவு பொன்னும் ஈயமும் தங்கியிருக்கும். மின்பகுப்பில் தூய்மையாக்கிய இக்கால வெள்ளியில் அவை இரா. பழைய நகையை உருக்கிச் செய்தால் இந்தச் சோதனையும் ஏமாறும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ராமர் பட்டாபிசேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, அரிசி இழுக்கும் காசு ஆகியவை?

1818 என்று ஆண்டு குறித்து, ஒருபுறம் ராமர் பட்டாபிசேகமும் மறுபுறம் கம்பெனியின் பெயரும் கொண்ட செப்புத்துண்டுகள் கம்பெனி வெளியிட்டவை அல்ல. தேய்த்துக் கறுக்கவைத்து விற்கப்படும் பிற்காலப் பொருள்கள். அரிசியைத் தன்பால் இழுக்கும் சக்தி கொண்டது, இரிடியம் ஏறியது என்று கோடிக்கணக்கில் விலை சொல்லப்படும் காசும் கலசமும் முழு மோசடி. செம்புக்கும் இரிடியத்துக்கும் அப்படி ஒரு குணமே கிடையாது. இத்தகையவற்றுக்கு முன்பணம் கேட்டால் காவல்துறையிடம் செல்லுங்கள்.

படம் அனுப்பிக் கேட்டால் சொல்லிவிட முடியுமா?

சில வேளை போலி என்று சொல்ல முடியும். அசல் என்று உறுதி கூறுவது அரிது. கேட்பதாக இருந்தால் சாய்ந்த ஒளியில் இரு பக்கங்களையும் விளிம்பையும் எடுத்து, எடையும் குறுக்களவும் சேர்த்து அனுப்புங்கள். காட்டுவதற்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டாம். புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் தூள் எல்லாமே மேலே விளக்கிய சாட்சியங்களை அழித்துவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது போதும்.

காசு கிடைத்தால் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. கண்டெடுத்த காசை ஆட்சியரிடம் தெரிவிப்பதால் அது கிடைத்த இடமும் பதிவாகிறது. இடம் தெரிந்த தேய்ந்த காசு, இடம் தெரியாத கூரிய காசைவிட ஆய்வுக்குப் பெரிதும் உதவும்.

எவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியாத காசை என்ன செய்வது?

முடிவு செய்யாமலே வைத்திருங்கள். உறையின் மேல் எடை, அளவு, பெற்ற நாள், விற்றவர் சொன்ன இடம், எந்தச் சோதனையில் எது இடித்தது என்பதை எழுதி, 'ஐயத்துக்குரியது' என்று குறித்து விடுங்கள். மிகத் தேய்ந்த காசில் போதிய சான்று எஞ்சாமலே போயிருக்கலாம். அதை அசல் பக்கம் தள்ளுவதற்கு ஆசை மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. போலி என்று உறுதியானதையும் உருக்கவோ வேறொருவருக்கு விற்கவோ வேண்டாம். தெளிவாகப் போலி என்று எழுதிப் படமெடுத்து, மற்றச் சேகரிப்பாளர்கள் பார்க்கும்படி பகிருங்கள்; அதே வார்ப்பச்சில் பிறந்த அடுத்த காசு சந்தைக்கு வரும்போது ஒப்பிட்டுக் காட்ட அது கையில் இருக்க வேண்டும்.